முப்பத்திரண்டாவது பெயர்

பலவேசம் அண்ணாச்சியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மார்கழி மாதத்துப் புதன்கிழமை காலையில். மருதலைக்கால் வாய்க்காலின் தலைமதகில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஷட்டரின் வாயை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இரண்டு கையாலும் இழுத்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தார், எழுபத்து மூன்று வயதில், யாரும் சொல்லாமல், யாருடைய உதவிக்கும் காத்திராமல்.

"ஏவே நயினாரு, சைக்கிள மெதுவா ஓட்டும்," என்றார். "ஒம்ம தண்ணி இப்பத்தான் பாலத்தத் தாண்டிப் போவுது. அதுக்கு முன்னால நீரு போயி என்ன செய்யப் போறீரு?"

"கரையேறுங்க அண்ணாச்சி. குளிரு கொல்லுது."

"எனக்கென்ன குளிரு? கடைமடைக்காரனுக்குத்தான் தண்ணியக் கண்டா நடுக்கம். பழக்கமில்லல்லா."

சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. வந்தவர்கள் அவருடைய பிள்ளைகளைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசினார்கள். நான் அவருடைய வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த விரல் ஒருநாள் செய்த காரியத்தை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன். எழுத இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

மருதலைக்கால் மூன்று மைல் நீளம். ஆற்றிலிருந்து பிரிகிற இடத்தில் பலவேசம் அண்ணாச்சியின் இரண்டு ஏக்கர். முடிகிற இடத்தில் என் வயல். என் வயலுக்கும் அந்தப் பக்கம், வாய்க்கால் மேடுதட்டிக் கோரைப்புல்லாகிப் போன இடத்தில், முப்பிடாதியின் நாற்பது சென்ட். அது கோயில் நிலம், குத்தகை. காகிதத்தில் பார்த்தால் மூன்று மைலுக்கும் தண்ணீர் உண்டு. ஆனால் தலைமடையில் பலவேசம் அண்ணாச்சி, நான் சொல்லவரும் காரியத்துக்குப் பத்தொன்பது வருஷம் முன்பு, கரைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு குழாய் பதித்தார், அதைப் பார்த்து அடுத்த வயல்காரர் பதித்தார், அவரைப் பார்த்து அதற்கு அடுத்தவர், இப்படியாகப் பதினோரு குழாய்கள் கரைக்கு அடியில் இரவும் பகலும் குடித்துக்கொண்டிருந்ததால், மேலே வருஷத்துக்கு மூன்று போகம், மூன்று பூ நெல் விளைந்தது, கீழே எங்களுக்கு வாய்க்காலின் ஈரம் மட்டும் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேசமாட்டோம். பந்தியில் ஒருத்தர் இலையில் இரண்டு அப்பளம் இருந்தால் பார்த்தும் பாராததுபோல் இருப்போமே, அப்படி இருந்தோம்.

அவர் சாவதற்குச் சில வருஷம் முந்தி ஓர் ஐப்பசியில்தான் பாசனப் பயிற்சிக்கென்று கமலம் மேடம் வந்தார்கள். முப்பது வயது இருக்கும். நாகர்கோவில் பக்கம். சுருட்டிய சார்ட் பேப்பரும் கலர் பேனாக்களும் ஒரு துணிப்பையில். ஐந்து நாள் பயிற்சி, உர மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில். அதற்கு முன்பு வந்த அதிகாரிகள் எல்லாம் பேசிவிட்டுப் போனார்கள், இவர்கள் கேட்டார்கள். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்களை எழுதி முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இங்கே யார் இல்லை?" என்பதுதான்.

நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். யாரோ, "பொம்பளையள் இல்ல மேடம்," என்றார்.

"பொம்பளையள் என்ன மடை திறக்கவா போறாளுவ?" என்றார் பலவேசம் அண்ணாச்சி.

"சார், உங்க வயல்ல களை பறிக்கிறது யாரு?"

"எம் பொஞ்சாதிதான்."

"தண்ணி எவ்வளவு நின்னா களை அடங்கும்னு அவங்களுக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணாச்சிக்குச் சோறு எவ்வளவு நேரத்துல வேகும்னுகூடத் தெரியாது மேடம்," என்றது. கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. மத்தியானத்துக்குள் ஒன்பது பெண்கள் வந்துவிட்டார்கள். என் மனைவி சங்கரவடிவு வந்தாள். முப்பிடாதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் உட்கார்ந்தாள். பெயர்கள் முப்பத்தொன்று ஆயின. மேடம் மறுபடியும் கேட்டார்கள்.

"இப்போ எல்லாரும் வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சு," என்றாள் முப்பிடாதி. "தண்ணிதான் வரல."

மறுபடியும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்றீங்க," என்று, பதிவேட்டில் முப்பத்திரண்டாவது வரியில் 'தண்ணீர்' என்று எழுதி, ஊர் என்ற இடத்தில் 'மருதலைக்கால்' என்றும் எழுதினார்கள். கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குத் தண்ணீர் வந்தது. பத்து நிமிஷம் தாமதம். வாய்க்காலை விட்டு ஏறி, தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து, ஒரு லாரி போகட்டும் என்று ஓரமாக நின்று, பிறகு கிட்டங்கியின் மூன்று படியையும் ஒவ்வொன்றாக ஏறி, வாசலில் தயங்கியது. மேடம் சார்ட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, "வாங்க, உள்ள வாங்க, இடம் இருக்கு," என்றார்கள். அது உள்ளே வந்து கணுக்கால் உயரத்துக்குத் தரை முழுக்கப் பரவி நின்றது. கதவு திறந்துதான் இருந்தது, படி இறக்கம்தான், ஆனாலும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மேடம் பதிவேட்டைக் குனிந்து நீட்டினார்கள். முப்பத்திரண்டாவது கட்டத்தில் ஒரு ஈரமான வட்டம் விழுந்தது.

எங்களுக்கு அப்போது தோன்றிய முதல் கவலை யூரியா மூட்டைகள். ஆண்கள் எல்லோரும் எழுந்து செங்கல் அடுக்கி மூட்டைகளைத் தூக்கி வைத்தோம். பெண்கள் பாயைச் சுருட்டிவிட்டு நெல் அளக்கும் மரக்கால்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடம் தொடர்ந்தது. டீக்கடைக்காரர் பதினோரு மணிக்கு முப்பத்து மூன்று டம்ளர் கொண்டுவந்தார், ஒன்று மேடத்துக்கு, ஒன்று தண்ணீருக்கு. அதை அவர் தரையில் வைத்தபோது டம்ளர் மிதந்து சுவரோரம் போய்த் திரும்பி வந்தது, காலியாக, கழுவியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் அதற்கும் ஓர் இலை போட்டோம். சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு ரசத்தைத் தொடாமல் விட்டது. "ரசம்னா அதுக்குத் தன்னையே குடிக்கிற மாதிரி இருக்கும்போல," என்றாள் சங்கரவடிவு. அடுத்த நாளிலிருந்து ரசம் வைக்கவில்லை.

பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். ஒன்பதாம் நம்பர் பஸ் கிட்டங்கி முன்னால் இரண்டு நிமிஷம் நின்று போனது. பூசாரி மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தபோது மேடம், "இவங்க படிக்க வந்திருக்காங்க, சாமி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல பாத்துக்கோங்க," என்றார்கள். பூசாரி அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் நல்ல மாணவன். யாராவது வேடிக்கையாகப் பேசினால் அலை எழும்பும். மேடம் பலகையில் எழுதும்போது அசையாமல் இருக்கும். பலவேசம் அண்ணாச்சி எழுந்து, மேல்மடையில் தாங்கள் எவ்வளவு சிக்கனமாகப் பாய்ச்சுகிறோம் என்று பேசிய அரைமணி நேரமும் அது அவர் காலைச் சுற்றிக் கண்ணாடிபோல் நின்றது. அவர் முகத்தை அதில் அவரே பார்த்துக்கொண்டு பேசினார்.

மூன்றாம் நாள் வரைபடம். மேடத்துக்கு எப்போதும் தரையில் கோலப்பொடியால் போடுவதுதான் வழக்கமாம், வாய்க்கால் எங்கே, மதகு எங்கே, யார் வயல் எங்கே என்று அந்தந்த ஊர்க்காரர்களே போட வேண்டும். தரையெல்லாம் தண்ணீராக இருந்ததால் களிமண்ணில் செய்யலாம் என்றார்கள். "நீங்க செய்யறதப் பாத்துத்தான் அவங்களும் கத்துக்குவாங்க," என்று தண்ணீரைக் காட்டிச் சொன்னார்கள். குளத்து மண் ஒரு வண்டி வந்தது. தண்ணீர் சுவரோரம் ஒதுங்கி எங்களுக்கு நடுவில் இடம் விட்டது.

இப்படி ஓர் அழகான வேலையை நாங்கள் அதற்கு முன்பும் பிறகும் செய்ததில்லை. ஆற்றிலிருந்து கால் பிரிகிற வளைவு, பாலம், துணி துவைக்கிற படித்துறை, மருதமரம் நிற்கிற மேடு, எல்லாம் செய்தோம். ஒவ்வொருவரும் அவரவர் வயலை அவரவர் கையால் செய்தார்கள். பெண்கள் வரப்பை விரலால் வழித்துக் கத்திமுனைபோல் நிறுத்தினார்கள். பதினோரு குழாய்களில் ஒன்றையும் ஒருவரும் வைக்கவில்லை. வைத்தவர்களுக்கு வெட்கம், இழந்தவர்களுக்குச் சங்கடம். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது எல்லோரும் நிமிர்ந்து நிற்பதுபோல் எங்கள் வாய்க்கால் நிமிர்ந்து நின்றது.

முப்பிடாதி அன்றைக்கு வரவில்லை. தன் வயலின் மூலையில் அவள் ஒரு நாற்றங்கால் போட்டிருந்தாள். அதற்கு இரண்டு வயல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. கோயில் குத்தகை எழுத்துப்படி மூன்று பிசானப் பருவம் தொடர்ந்து தரிசாகக் கிடந்தால் நிலம் திரும்பப் போய்விடும். அவளுக்கு இரண்டு போய்விட்டது, இது மூன்றாவது. அவள் புருஷன் ஏற்கெனவே தூத்துக்குடி உப்பளத்தில் இருந்தான், வாரம் ஒருநாள் காலெல்லாம் வெடித்து வருவான். நிலம் போனால் அவளும் அங்கேதான் போகவேண்டும்.

நான் என் வயலைச் செய்து, அதன் வரப்பைச் செய்து, வாய்க்காலை அந்த வரப்போடு முடித்துக் கையைக் கழுவினேன்.

மேடம் சரி என்றதும் தண்ணீர் ஒரு விரல் கனத்துக்கு மெலிந்து, ஆற்றுமுனையிலிருந்து புறப்பட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, ஒவ்வொரு மடையிலும் அளவாக நுழைந்து நிறைத்து, கடைசியில் என் களிமண் வயலையும் நிறைத்தது. திரும்பப் போய் இரண்டாம் முறை வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. நாங்கள் கைதட்டினோம். பலவேசம் அண்ணாச்சிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். "பாத்தீங்களா மேடம்? கடைசி வரைக்கும் போவுதுல்லா?"

"போகுது சார்," என்றார்கள் மேடம். "வெளியேயும் இப்படித்தான போகணும்?"

நாங்கள் கையில் ஒட்டிய களிமண்ணைக் கழுவப் போனோம்.

ஐந்தாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். தண்ணீருடையது கொடுத்த நிமிஷமே மை கரைந்துபோனது. நான்கு மணிக்கு அது படியிறங்கி, சாலையைக் கடந்து, வாய்க்காலுக்குப் போய்விட்டது. ஐந்து மணி பஸ்ஸில் மேடமும் போனார்கள், அடுத்த பயிற்சி வேறு ஜில்லாவில். ஜன்னல் வழியாகச் சொன்ன கடைசி வார்த்தை, "இனிமே நான் வேண்டியதில்லை, நீங்களே கூடி உக்காருங்க," என்பது.

மறுநாள் பொழுது விடிந்தபோது வாய்க்கால் படித்தபடி நடந்தது. படித்ததற்கு ஒரு மயிரிழை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மதகில் எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவு விட்டது, கரைக்கு அடியில் இருந்த பதினோரு குழாய்களின் வாயையும் உரசிக்கொண்டு போனது, ஆனால் நுழையவில்லை. அப்படி ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. மேல்மடைக்காரர்கள் குழாயைத் தோண்டிப் பார்த்தார்கள், வாயைச் சுரண்டிப் பார்த்தார்கள், ஒருத்தர் வாயால் உறிஞ்சியும் பார்த்தார். உள்ளே சிலந்தி கூடு கட்டத் தொடங்கியிருந்தது. யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது? காலையில் டீக்கடையில் பதினோரு பேர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த அழகை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக முழங்கால் தண்ணீர். நான் வயலில் இறங்கி நின்றுகொண்டே இருந்தேன். அப்போதுதான் முப்பிடாதி மம்பட்டியோடு வந்து என் வரப்பை, நான் சரி என்று தலையாட்டியதும், ஒரு முழ அகலத்துக்கு வெட்டினாள். வெட்டிய வாயில் தண்ணீர் சுவர் வைத்ததுபோல் நின்றது. இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், அந்தப் பக்கம் வெடித்த மண், நடுவில் ஒன்றுமில்லை. ஒரு தவளை தாண்டிப்போனது, தண்ணீர் தாண்டவில்லை. குடத்தில் மொண்டு தூக்கிக்கொண்டு போனாள். வரப்பைத் தாண்டியதும் குடம் காலியாக இருந்தது. மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, மண்ணுல காலு செஞ்சீங்களாமே. எங்க கொண்டு முடிச்சீங்க?"

"என் வரப்புல."

"எதுக்கு?"

"அன்னைக்கு நீ வரலிய, முப்பிடாதி."

"நான் வரல. என் வயலு எங்க போச்சு? அது இங்ஙனதான கெடந்துது?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சங்கரவடிவு அன்றைக்கு எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். பயிற்சிக்குப் பத்து நாள் முந்தி நான் கோயில் அலுவலகத்துக்குப் போய், முப்பிடாதி நிலம் திரும்பி வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"உங்க வரப்போட ஊரு முடிஞ்சிட்டாக்கும்?" என்றாள்.

சாப்பிட்டேனா என்று நினைவில்லை. அவள் அப்போதே எழுந்து மூன்று மைல் நடந்து பலவேசம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். பயிற்சியின் கடைசி நாள் அவரைத்தான் வாய்க்கால் பாசனச் சங்கத்துக்குத் தலைவராக்கியிருந்தோம்.

"அண்ணாச்சி, மறுபடியும் பயிற்சி போடணும்."

"மேடம் இல்லாம எப்படிம்மா?"

"மேடம் என்ன சொல்லிட்டுப் போனாவ? நம்மளே கூடி உக்காரத்தான சொன்னாவ? தப்பா படிச்சிக் குடுத்திட்டோம். திருப்பிப் படிச்சிக் குடுக்கணும்."

இதைக் கேட்டதும் பலவேசம் அண்ணாச்சியின் முகம் தெளிந்தது என்று அவள் வந்து சொன்னாள். ஏன் தெளிந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. திருப்பிப் படித்துக்கொடுத்தால் விட்டுப்போனதையெல்லாம் சேர்க்கலாம். முப்பிடாதி வயல் விட்டுப்போனது. குழாயும் விட்டுப்போனதுதான்.

வியாழக்கிழமை கிட்டங்கியில் கூடினோம். மேல்மடைக்காரர்கள் பதினோரு பேரும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் மடியிலும் பப்பாளி இலைக் காம்பு ஒன்று செருகியிருந்தது. சாண் நீளம், உள்ளே பொள்ளல், களிமண் கரையில் குழாய் வைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் பாராததுபோல் இருந்தோம். முப்பிடாதியும் பார்த்தாள். நாற்றுக்கு முப்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது. அந்தப் பதினோரு காம்பும் கரையில் ஏறிவிட்டால் அவள் வயலை வரைந்தாலும் ஒன்றுதான், வரையாவிட்டாலும் ஒன்றுதான்.

பலவேசம் அண்ணாச்சி பதிவேட்டில் முப்பத்தொரு பெயரையும் எழுதி, முப்பத்திரண்டாவதையும் தன் கையாலேயே எழுதினார். ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. மேடம் இல்லாத பயிற்சிக்குத் தண்ணீர் வருமா என்று எங்களுக்கே சந்தேகம். டீக்கடைக்காரர் முப்பத்திரண்டு டம்ளரோடு வாசலில் நின்றார். பத்தரைக்கு, சாலையில் ஆட்டு மந்தை ஒன்று விலகி நின்றது, தண்ணீர் வந்தது.

மறுபடியும் வாய்க்கால் செய்தோம். போன தடவைபோல் பேச்சும் சிரிப்பும் இல்லை. முப்பிடாதி தன் வயலைச் செய்தாள். நாற்பது சென்டையும், மூலையில் நாற்றங்காலையும், ஒரு பக்கம் இருந்த மூன்று பாறைக்கல்லையும் விடாமல் செய்தாள். நான் என் களிமண் வரப்பை வெட்டி வாய்க்காலை அவள் வயல்வரை நீட்டினேன். நீட்டிவிட்டுக் குனிந்தபடியே சொன்னேன்.

"போன தடவ இத நான் மறந்து விடல. நிலம் திரும்பி வந்தா எனக்குக் குடுங்கன்னு கோயில்ல சொல்லி வச்சிருந்தேன்."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும் அண்ணாச்சி. ஒங்க வீட்டு மைனி அன்னைக்கே சொல்லிட்டா," என்றாள். "அந்த ஓரம் மண்ணு பத்தல, இன்னும் கொஞ்சம் எடுத்துப் போடுங்க."

போட்டேன்.

பிறகு பலவேசம் அண்ணாச்சி மடியிலிருந்து காம்பை எடுத்தார். தலைமதகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கரைக்கு அடியில் ஒரு துளை போட்டு, காம்பைச் செருகி, சுற்றிலும் மண்ணை அழுத்தினார். அழுத்திவிட்டுப் பொதுவாக எங்களைப் பார்த்துச் சொன்னார், "இது என்னோடது. பத்தொன்பது வருஷம். இல்லன்னு சொன்னாத்தான் பொய்யி. உள்ளதச் செய்யணும்னுதான மேடம் சொன்னாவ?" அவர் சொன்னதில் தப்பில்லை. மற்றப் பத்துப் பேரும் மடியில் கைவைத்தார்கள்.

தண்ணீர் புறப்பட்டது. காம்பின் வாய்க்கு வந்து, நின்று, புதிய எழுத்தைப் பார்த்ததுபோல் பார்த்து, உள்ளே நுழைந்தது. குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. பலவேசம் அண்ணாச்சியின் களிமண் வயல் நிரம்பி வரப்புக்கு மேல் வழிந்தது. கீழே போகப்போக வாய்க்கால் மெலிந்தது, பாலத்துக்குக் கீழே நூலாயிற்று, என் வயலில் ஒரு ஈரத் தடமாயிற்று. அத்தோடு நின்றது. ஒரே ஒரு காம்புக்கே அவ்வளவுதான்.

முப்பிடாதி தன் களிமண் வயலில் ஒரு பக்கம் மேடாக இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் அதைத் தடவிச் சமன் செய்யத் தொடங்கினாள். தண்ணீர் கட்டுவதற்கு முன்னால் வயலைப் பரம்படித்துச் சமன் செய்வோமே, அதே பக்குவத்தில், மேட்டிலிருந்து எடுத்துப் பள்ளத்தில் வைத்து, கண்ணைத் தாழ்த்தி மட்டம் பார்த்து, மறுபடியும் தடவி. தண்ணீர் வராது என்று தெரிந்த வயலில்.

பலவேசம் அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதலைக்காலின் தலைமாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர், கால்மாட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வாய்க்கால் எங்கே முடிகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். முடிகிற இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதையும்.

"ச்சை, சவத்த," என்றார். காம்பைப் பிடுங்கி எறிந்தார். துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. கொஞ்சம் மண்ணை உருட்டி அடைத்து, வலது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஈர மண், விரலை எடுத்தால் பிடுங்கிக்கொள்ளும். எடுக்கவில்லை. காய்கிறவரை இப்படியே இருக்கிறேன் என்றார். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவர், குந்தியபடி, விரலை எடுக்காமல் சாயங்காலம்வரை இருந்தார். டீயை அவர் வாயில் பொஞ்சாதி ஊற்றினாள். "அம்பது வருஷமா நான் ஊட்டினது போதாதுன்னு ஊருக்கு முன்னால வேற," என்றாள். மத்தியானச் சோற்றை உருட்டிக் கொடுத்தது சங்கரவடிவு. கால் மரத்துப்போய் அவர் சாய்ந்தபோது நான் பின்னால் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். மற்றப் பத்துப் பேரும் தங்கள் தங்கள் இடத்தில் காம்பைச் செருகி, இது என்னோடது என்று வருஷத்தைச் சொல்லி, பிடுங்கிவிட்டு, விரலை வைத்தார்கள். செருகாமலே விட்டால் கணக்கு நேராகாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. மூன்று மணிக்குக் கிட்டங்கியில் பதினோரு பெரிய மனிதர்கள் ஒரு களிமண் வாய்க்காலின் கரையில் வரிசையாகக் குந்தி, ஆளுக்கு ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கி, பாலம் தாண்டி, என் வயல் தாண்டி, முப்பிடாதியின் உள்ளங்கைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு இடம் விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வயலில் தண்ணீர் கட்டியது. நாற்று முற்றிப்போயிருந்ததால் குத்துக்கு ஐந்தாறாக, நெருக்கி நட வேண்டியிருந்தது. பலவேசம் அண்ணாச்சியின் பொஞ்சாதி உட்பட ஒன்பது பெண்களும் இறங்கினார்கள், மத்தியானத்துக்குள் நட்டு முடித்தார்கள். அந்த வருஷம் அவளுக்கு விளைச்சல் முக்கால்தான். ஆனால் நிலம் தரிசில்லை, குத்தகை நின்றது. தையில் அவள் புருஷன் உப்பளத்திலிருந்து வந்துவிட்டான். கோயில் அலுவலகத்துக்கு நானே போய் என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தண்ணீர் கிட்டங்கிக்கு வரவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் வரவில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் நாங்களே கூடி உட்கார்ந்து பேசிக்கொள்வோம். முதல் கேள்வியாக யார் இல்லை என்று கேட்போம். சங்கரவடிவு செத்துப்போன வருஷத்தில் அந்தக் கேள்விக்கு முப்பிடாதிதான் எழுந்து பதில் சொன்னாள்.

பலவேசம் அண்ணாச்சி இருந்தவரை, தண்ணீர் திறந்த நாளில் மதகிலிருந்து புறப்பட்டு மூன்று மைலும் கரையோடு நடந்து கடைமடைக்கு வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வந்து நின்று முப்பிடாதியிடம், "தாயி, தண்ணி வந்துட்டா?" என்று கேட்பார். கண்ணால் பார்த்துக்கொண்டேதான் கேட்பார். அவளும், "வந்துட்டு அண்ணாச்சி," என்பாள்.

அவருடைய இரண்டு ஏக்கரில் இப்போது வருஷத்துக்கு ஒரு பூ நெல்லும் ஒரு பூ உளுந்தும் விளைகிறது.